உன் அறையைக் கொடுத்த நாலு மாதம்

சுநந்தா கண்ணுக்கு,

வாசலில் பந்தல்காரர் மூங்கில் இறக்கிக்கொண்டிருக்கிறார். உள்ளே உன் அத்தை சமையல்காரரோடு காலையிலிருந்து வாதாடிக்கொண்டிருக்கிறாள். நீ விழுப்புரத்தில் கிளினிக்கில் கணக்கு முடித்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாய். இந்த இடைவெளியில் எழுதினால்தான் உண்டு. நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ "சும்மா இருங்கப்பா" என்று எழுந்து போய்விடுவாய். இன்னும் ஆறு நாளில் உனக்குக் கல்யாணம். அதற்குள் உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு விஷயத்துக்காக உன்னைப் பெருமையாக நாலு வார்த்தை சொல்லவும் வேண்டும். மாப்பிள்ளையும் அவருடைய நண்பர்களும் இதைப் படிக்கலாம். அவர்கள் எல்லாரும் நம் சமயத்தவர்கள் இல்லை என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

நாம் தமிழ்ச் சமணர்கள். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, திண்டிவனம் செஞ்சி பக்கத்து ஊர்களில் இருந்துவருகிறவர்கள். ஊரில் நம்மை நயினார் என்பார்கள். நம் முனிவர்கள் உடுத்துவதில்லை, கையில் மயில்பீலி வைத்திருப்பார்கள். நம் கோயிலில் அருகனுக்கு நகையும் கிடையாது, கண் பதிப்பதும் கிடையாது. திண்டிவனத்துக் கடைத்தெருவில் இருக்கும் சேட்டுமார்களும் சமணர்கள்தான். அவர்களுடைய துறவிகள் வெள்ளை உடுத்துவார்கள், கையில் வெள்ளைக் கம்பளி நூல் துடைப்பம் இருக்கும். அவர்கள் கோயிலில் சாமிக்குக் கண்ணாடிக் கண்ணும் வெள்ளிக் கிரீடமும் உண்டு. பெண்ணாகப் பிறந்தவள் அந்தப் பிறவியிலேயே மோட்சம் அடைய முடியாது என்று நம் பக்கத்து நூல்கள் சொல்லும். முடியும் என்று அவர்கள் சொல்வார்கள். ஒரே கடவுளை ரெண்டு விதமாகக் கும்பிடுகிறவர்களுக்குள் வரும் மனஸ்தாபம், வேறு கடவுளைக் கும்பிடுகிறவர்களோடு கூட வராது. நம் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நான் வருஷா வருஷம் நெல் கொடுக்கிறேன். ஆனால் ஒரு சமணன் நம் கோயிலுக்குக் கொடுக்க வந்ததைத் திருப்பி அனுப்பினேன்.

அப்போது உனக்குப் பதினாலு வயசு. பாத்திரக்கடை கேவல்சந்த் சேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நம் கோயில் பார்க்க வந்தார். மூணு தலைமுறையாகத் திண்டிவனத்தில் இருப்பவர். நம்மைவிடத் திண்டிவனத் தமிழ் நன்றாகப் பேசுவார். அபிஷேகத்துக்கு உன் அம்மாவும் மற்ற பெண்களும் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் தூக்கி வருவதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தூரம் தூக்கிக்கினு வர்றாங்களே நயினாரே, ஒரு போரு போட்டு மோட்டாரு வெச்சுக் குடுத்துடறேன், தெருவுக்கே பைப்பு விட்டுக்கலாம்" என்றார். நான் கோயில் தர்மகர்த்தா. எனக்கும் மனசு குளிர்ந்துதான் போனது. போகிற போக்கில் அவர் சாமியைப் பார்த்து, "கண்ணு மட்டும் வெச்சுட்டா இன்னும் களையா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். குழந்தை மாதிரிச் சொன்னார். எனக்குத்தான் எங்கிருந்தோ கோபம் ஏறியது. இன்றைக்குத் தண்ணீர், நாளைக்குக் கண், அடுத்த நாள் கிரீடம் என்று மனசு கணக்குப் போட்டது. கூட்டத்துக்கு நடுவில், அவருடைய மனைவி பிள்ளைகள் முன்னால், "நாங்க இந்த மண்ணுலயே இருக்கறவங்க. பொழைக்க வந்தவங்க தண்ணி எங்க சாமிக்கு வேணாம்" என்றேன். அவர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வண்டி ஏறினார். தெருவில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ரெண்டு வருஷம் கழித்து, நீ பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது, உன் அம்மா அந்தக் கிணற்று மேட்டில் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்ட இடத்தில் சரியாகக் கூடவில்லை. அப்புறம் வந்த பிசியோதெரபி பெண்தான் அவளுக்கு விரலை மடக்கக் கற்றுக்கொடுத்தாள். நீ அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும், நானும் இதைத்தான் படிக்கப்போகிறேன் என்று சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. அம்மாவின் கைக்கும் என் வாய்க்கும் இருந்த சம்பந்தம் எனக்கு அப்போதே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. பஞ்சாயத்துக் குழாய் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. உனக்கு அந்தச் சம்பந்தம் தெரியாது என்றுதான் போன வருஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஆனி மாசக் கடைசி. வெள்ளைச் சீலை உடுத்திய துறவி அம்மாக்கள் மூணு பேர், கூட ஒரு உதவிக்கார அம்மா, பாண்டிச்சேரியிலிருந்து வேலூர்ப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் நாலு மாசம் அவர்கள் ஒரே இடத்தில் தங்கிவிட வேண்டும், நடக்கக் கூடாது. பௌர்ணமிக்குள் வேலூர் போய்ச் சேர்ந்துவிடும் கணக்கு. நம் ஊர் தாண்டும் இடத்தில் ஒரு பஸ் ஒட்டி வந்ததில், மூத்த அம்மா சாலை ஓரப் பள்ளத்தில் விழுந்து கால் எலும்பு உடைந்தது. எந்த நிலைமையிலும் வண்டி ஏற மாட்டேன், அது எங்கள் விரதம் என்று அந்த அறுபத்தெட்டு வயசு அம்மா சொல்லிவிட்டார். கிளினிக்கில் பிசியோதெரபி வேலை முடித்து அந்த வழியாக பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நீ இறங்கினாய். காலை அசையாமல் கட்டி, நடக்க முடியாத நேரத்துக்கென்று அவர்கள் கூடவே தள்ளி வந்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்களோடு சேர்ந்து நீயே தள்ளிக்கொண்டு நம் கோயில் வாசலுக்கு வந்து நின்றாய்.

நம் கோயிலை ஒட்டி முனிவர்கள் தங்கும் கூடம் இருக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியேதான் கிடக்கும். அன்று சாயங்காலமே வெளிமண்டபத்தில் கூடினோம். திண்டிவனத்தில் சேட்டுமார்களுக்கென்று இருக்கும் வழிபாட்டு இடம் ஒரு கடைக்கு மேலே, செங்குத்துப் படிக்கட்டு, நாற்காலி ஏறாது. நாலு நாளில் பௌர்ணமி. கூடத்தை விட்டால் வேறு வழியில்லை என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் தாத்தா காலத்து வழக்கம், நம் மார்க்கத்து முனிவர்களைத் தவிர யாருக்கும் கூடம் திறப்பதில்லை என்று சொன்னேன். பெண்கள் பேசாத அந்தக் கூட்டத்தில் நீ வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாய். சத்தம் போடவில்லை. "கூடத்தைப் பூட்டியே வெச்சுக்குங்கப்பா. நம்ம வீட்டுல என் ரூம் இருக்கு, அங்க இருக்கட்டும்" என்றாய். திரும்பி நடந்தாய். தெருவைப் பார்த்து வாசல் வைத்து, உனக்காக நான் ஆசையாகக் கட்டிய அறை. கட்டிலையும் அலமாரியையும் அன்றே வெளியே எடுத்துவைத்தாய். அவர்கள் விளக்கோ மின்விசிறியோ போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரியாமல்கூட யாரும் போட்டுவிடக் கூடாதென்று சுவிட்சின் மேல் காகிதம் ஒட்டினாய். அந்த நாலு மாசமும் நம் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்து, நான் குறட்டை விடுகிறேன் என்று தெருவுக்கே சொன்னாய்.

மறுநாள் நீ வேலை பார்க்கும் விழுப்புரத்து எலும்பு டாக்டரைக் கெஞ்சிக் கூட்டி வந்தாய். நம் வீட்டிலேயே வைத்து அவர் மாவுக்கட்டுப் போட்டார். சாப்பாடுதான் பெரிய கேள்வியாக இருந்தது. அவர்களுக்கென்று தனியாகச் சமைத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மரப் பாத்திரத்தோடு வீடு வீடாகப் போய், அந்த வீட்டார் தங்களுக்கென்று சமைத்துக்கொண்டதில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிச் சாப்பிடுவதுதான் அவர்கள் வழக்கம். இளைய அம்மாக்கள் ரெண்டு பேரும் முதல் நாள் நம் தெருவில் இறங்கியபோது, கதவுக்குப் பின்னால் நின்று எல்லாரும் நம் வீட்டையே பார்த்தார்கள். தர்மகர்த்தா வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று. நான் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்திருந்தேன் என்றே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா, சரியாக மடங்காத அந்தக் கையால், காலையில் எனக்குத் தட்டிய கேப்பை ரொட்டியையும் மல்லாட்டைத் துவையலையும் எடுத்து வந்து பாத்திரத்தில் வைத்தாள். "தர்மலாபம்" என்று ஆசி சொல்லி அவர்கள் நகர்ந்ததும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கு அடுத்த வீடும் திறந்தது. அன்றைக்கு எனக்கு ரொட்டி கிடையாது. அதை உன் அம்மா என்னிடம் ஒரு விளக்கமும் இல்லாமல் சொன்னாள்.

ஒரு மாசத்துக்கு மேல் நான் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தேன். நம் வீட்டு முன்வாசலில் நடந்தால் அந்த அம்மாக்களைக் கும்பிட வேண்டும். கும்பிட்டால் நான் சொன்னது தப்பாகிவிடும். கேவல்சந்த் சேட்டு தினமும் காலையில் மொபெட்டில் வருவார். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று கும்பிட்டு, மருந்தோ துணியோ வேண்டுமா என்று கேட்டுவிட்டு, எதிரே வேப்பமரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் உட்காருவார். நீ உள்ளே கூப்பிட்டாய். "நயினாரு கூப்பிடட்டும்மா, வர்றேன்" என்றாராம். நீ என்னிடம் சொன்னாய். நான் மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டேன். வீட்டுக்குள்ளே வேறு நடந்துகொண்டிருந்தது. நீ மூத்த அம்மாவுக்குக் கால் பயிற்சி கற்றுக்கொடுத்தாய், அவர் உனக்கு ஏதேதோ சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் சாப்பிடும்போது, "பொம்பளைக்கும் இந்தப் பொறவியிலயே மோட்சம் உண்டுங்கறாங்கப்பா, உங்க புக்குல மட்டும்தான் இடமில்ல" என்றாய். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நம் ஆசாரியர்கள் எழுதியதை நான் இன்றைக்கும் தள்ளிவிடவில்லை. ஆனால் அன்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன் என்பதும் உண்மை.

ஆவணியில் அவர்களுடைய நோன்பு நாட்கள் முடியும் தினம் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் நாள். நமக்கும் அதே மாதிரி ஒரு நாள் உண்டு, ஆனால் அவர்கள் முடிக்கும்போதுதான் நாம் பத்து நாள் நோன்பை ஆரம்பிப்போம். சேட்டு அன்று முன்பக்கம் நிற்காமல் சுற்றிக்கொண்டு கொட்டகைக்கே வந்தார். நான் பின்வாசலில்தான் புழங்குகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கை கூப்பி, "தெரிஞ்சும் தெரியாமலும் உங்க மனசு நோகறாப்பல நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க நயினாரே. அன்னிக்கு சாமி கண்ணைப் பத்தி நான் வாய் விட்டிருக்கக் கூடாது" என்றார். நான் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். "சரி" என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது. அவர் போன பிறகு உன் அம்மா கேட்டதற்கு, நம் நாள் இன்னும் பத்து நாள் இருக்கிறது, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நீ மூத்த அம்மாவுக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தாய். திரும்பாமலேயே சொன்னாய்:

"அம்மா குடத்தோட வுழுந்தாங்களே, அது நாள் பார்த்தா வுழுந்தாங்க?"

எத்தனை வருஷமாக அதை உள்ளே வைத்திருந்தாய் கண்ணு? கோயிலில் நான் சேட்டை விரட்டிய அன்று நீ தூணோரம் நின்றிருந்தாய் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நீ எல்லாம் பார்த்திருக்கிறாய், எல்லாம் சேர்த்தும் பார்த்திருக்கிறாய். ஆனாலும் என்மேல் வெறுப்பு வளர்த்துக்கொள்ளாமல், அம்மா கைக்கு வைத்தியம் பார்த்த அந்தப் படிப்பையே படித்து வந்திருக்கிறாய். 

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திண்டிவனம் போனேன். வயலுக்கு உரம் வாங்கப் போவதாக உங்களிடம் சொன்னது பொய். கடைத்தெருவில் சேட்டு கடை நிறையக் கூட்டம், முகூர்த்த நாள் நெருக்கம். ஆட்கள் போகட்டும் என்று எதிர்க்கடை ஓரம் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம், அவரை விரட்டியது கூட்டத்துக்கு நடுவில்தானே, இதைத் தனியாகச் சொன்னால் எப்படிச் சரியாகும் என்று தோன்றியது. உள்ளே போய், எல்லாரும் கேட்கிற மாதிரி, "சேட்டு, அன்னிக்கு உங்க பொண்டாட்டி புள்ளைங்க எதிர்ல நான் பேசினது தப்பு. பொழைக்க வந்தவங்கன்னு சொன்னது பெரிய தப்பு. மன்னிச்சுடுங்க" என்றேன். கடையில் இருந்தவர்கள் குடத்தையும் குக்கரையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். சேட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார், துண்டால் துடைத்தார், டீ சொல்லட்டுமா, பால் சொல்லட்டுமா என்றார். "தண்ணி குடுங்க" என்றேன். கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். ரெண்டு பேரும் அப்புறம் மழையைப் பற்றித்தான் பேசினோம். அடுத்த நாள் அவர் மொபெட் வந்தபோது நான் முன்வாசலில் நின்று கூப்பிட்டேன். நீ பார்த்தாய். கடையில் நடந்ததை இன்றுவரை உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

கார்த்திகைப் பௌர்ணமி முடிந்து அவர்கள் கிளம்பியது உனக்கே தெரியும். மூத்த அம்மா தன் காலாலேயே நடந்து ஊர் எல்லை தாண்டினார். நம் தெருப் பெண்கள் எல்லாரும் கூடவே நடந்தார்கள். நானும் கடைசியில் நடந்தேன். அதற்கப்புறம் முனிவர் கூடத்தை, வழி நடந்து வரும் எந்தத் துறவிக்கும் திறக்கலாம் என்று கோயிலில் எழுதிவைத்தோம். தர்மகர்த்தாக்களில் ரெண்டு பேர் ஒப்புக்கொள்ளவில்லை, இன்னும் என்னோடு பேசுவதும் இல்லை. அவர்கள் கல்யாணத்துக்கு வராவிட்டால் நீ வருத்தப்படாதே. நானும் போன வருஷம் வரை அவர்கள் மாதிரிதான் இருந்தேன். அவர்களில் ஒருவர் வீட்டிலும் உன்னை மாதிரி ஒரு பெண் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது உனக்குத் தெரியாத இன்னொன்று. இந்தப் பங்குனியில் நீயும் அம்மாவும் கல்யாணப் புடவைக்குக் காஞ்சிபுரம் போயிருந்தீர்களே, அப்போது நடந்தது. நம் மார்க்கத்து முனிவர் ஒருவர் கர்நாடகப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர், வெயில் தாங்காமல் திண்டிவனத்தில் ஓரிரு நாள் நிற்க வேண்டியதாயிற்று. அங்கே இருக்கும் நம்மவர்கள் எல்லாம் மாடி மேல் மாடி வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சேட்டு தன் குடோன் முற்றத்தைச் சுத்தம் செய்து, திரை கட்டி, முனிவரைத் தங்கவைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "தங்கறதுக்கு இடம் குடுத்துட்டோம் நயினாரே. ஆகாரம் எப்டிக் குடுக்கறதுன்னுதான் எங்க வூட்ல தெரியல. எங்க துறவி மகராஜுங்க பாத்திரத்துல வாங்கிக்கினு போவாங்க, இவரு நின்னுக்கினே கையிலதான் வாங்குவாராமே. சுநந்தாவை அனுப்புறீங்களா?" என்றார். நீ ஊரில் இல்லை என்றேன். நானே போனேன்.

நம் முனிவர் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவார், நின்றபடி, ரெண்டு கையையும் குவித்து அதில் வாங்கி. ஒரு முடியோ எறும்போ தட்டுப்பட்டால் அன்றைய சாப்பாடு அதோடு முடிந்தது, தண்ணீர்கூடக் கிடையாது. சேட்டு மனைவிக்கு முதலில் ரொம்பத் தயக்கம். உடுத்தாத துறவிக்கு முன்னால் நின்று பரிமாறி அவர்களுக்குப் பழக்கமில்லை. தப்பாக ஏதாவது செய்து ஒரு பெரியவரைப் பட்டினி போட்டுவிடுவோமோ என்ற பயம் வேறு. நான் பக்கத்தில் நின்று, தண்ணீரை எப்படி வடிகட்டுவது, எந்த வார்த்தை சொல்லி அழைப்பது, கவளத்தை எந்த அளவில் வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த அம்மா நான் சொன்ன அளவிலேயே சோறு வைத்தார். சேட்டு பருப்புக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முனிவர் முழுசாகச் சாப்பிட்டு, கை கழுவி, மயில்பீலியை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார். சேட்டு வீட்டார் யாரும் நம் மார்க்கத்துக்கு வந்துவிடவில்லை, நானும் சாமிக்குக் கண் வைக்கப்போவதில்லை. அன்று மத்தியானம் அந்த முற்றத்தில் அது யாருக்கும் தேவையாகவும் இல்லை.

நீ போகிற வீட்டில் நம் வீட்டு வழக்கம் எல்லாம் இருக்காது. அங்கே யாருக்காவது எதையாவது கொடுக்கும்போது, போன வருஷம் சுவிட்சில் காகிதம் ஒட்டினாயே, அதே மாதிரி வாங்குகிறவர்களின் வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு கொடு. யாராவது உனக்குக் கொடுக்க வந்தால், அவர்கள் பேச்சில் ஒரு வார்த்தை பிசகியிருந்தாலும் கையை நீட்டி வாங்கிக்கொள். இது நான் உனக்குச் சொல்லும் புத்தி இல்லை, உன்னிடமிருந்து கற்றுக்கொண்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். வழக்கத்தைவிட மனுஷர் பெரிசு என்று உனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது நிச்சயம்.

அன்று குடோனை விட்டு முனிவர் நடக்கத் தொடங்கியபோது, கூட வந்திருந்த கர்நாடகத்துப் பெரியவர் ஒருவர், இவ்வளவு ஒழுங்காக ஆகாரம் நடத்திவைத்தது யார் என்று சேட்டிடம் விசாரித்தார். சேட்டு என்னைக் காட்டினார். அவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் யார் என்று கேட்டார். எங்கே போனாலும் கோயில் தர்மகர்த்தா என்று சொல்லி முப்பது வருஷமாக எனக்குப் பழக்கம். அன்றைக்கு அந்த வார்த்தை நினைவுக்கே வரவில்லை கண்ணு.

"சுநந்தாவோட அப்பா" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சேட்டு பக்கத்தில் நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அன்புடன்,
அப்பா